அழுக்குக்கு இடம் விட்ட வீடு

செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். தேக்கு உத்தரம், சரவிளக்கு, நிலைக்கு மேல் கஜலட்சுமி, பெல்ஜியம் கண்ணாடி. எங்கள் தாத்தா பூச்சுக் கொத்தனார். அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முழங்கால் உயரத்தில் சுவரைத் தடவிப் பார்ப்பார். பிள்ளைகள் கை வைப்பதும், விளக்குமாறு இடிப்பதும், அண்டாவை உருட்டிக்கொண்டு போகும்போது உரசுவதும், கழுவிவிட்ட தண்ணீர் தெறிப்பதும் அந்த உயரத்தில்தான். அங்கே பூச்சு நின்றால் மேலே தானாக நிற்கும் என்பது அவர் கணக்கு.

நான் காரைக்குடியில் வீடு கட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலையும் வரும். புது வீடு கேட்டு வருகிறவர்கள் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள்: "சார், ரெண்டு பசங்க, ஒரு நாய், அப்பா அம்மாவும் கூட இருக்காங்க. எங்களால சுத்தமா வச்சுக்க முடியாது. அழுக்குத் தெரியாத மாதிரி கட்டிக் குடுத்துடுங்க." சொன்ன வாயோடு வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸையும், முகம் தெரிகிற லேமினேட் கதவையும், சுவர் முழுக்க வெளிர் நிறப் பெயின்டையும் தேர்ந்தெடுப்பார்கள். ஈரக்காலோடு ஓடிவரும் பிள்ளையின் ஒவ்வோர் அடியும் அந்தத் தரையில் சாட்சி சொல்லும்.

அழுக்குத் தெரியாத வீடு என்று எதுவும் கிடையாது. அழுக்கு எங்கே விழும் என்று முன்கூட்டியே யோசித்துக் கட்டின வீடு உண்டு. இந்த வட்டாரத்தில் அப்படிப்பட்டவை இன்னும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. அரண்மனை என்று நினைத்து அவற்றைப் படம் பிடித்துக்கொண்டு போகிறோம். கட்டியவர்கள் மனதில் இருந்ததோ பிள்ளைகுட்டிகள், விருந்துச் சமையல், கல்யாணக் கூட்டம், மழைக்காலத்து ஈரத்துணி. ஆடம்பரம் முகப்போடு சரி. உள்ளே போகப் போக எல்லாம் புழக்கத்துக்கான ஏற்பாடு.

இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்களான நகரத்தார், காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பிறகு இந்த வறண்ட பூமிக்கு வந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. தெருவிலிருந்து பல படி ஏறிப் போகும்படி அடித்தளத்தை உயர்த்திக் கட்டுவதற்கு அந்த வெள்ளத்தின் நினைவைத்தான் காரணம் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் பலன் கண்கூடு. செம்புறாங்கல்லில் எழுப்பிய அந்த உயரத்தைத் தாண்டி மண்ணின் ஈரம் சுவருக்கு எளிதில் ஏறாது. தெருப்புழுதியும் படி ஏறுவதற்குள் பாதி உதிர்ந்துவிடும்.

பணம் வந்த கதை ஊருக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1852 போரில் கீழ்ப் பர்மா வெள்ளைக்காரர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதிக் கழிமுகத்து அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை பிடித்தது. காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு முதல் தேவைப்பட்டது. கொடுத்தவர்களில் பெரும்பங்கு நம்மூர்ச் செட்டியார்கள். இலங்கை, மலேயா, சைகோன் என்று மற்ற கிளைகளும் உண்டு. இன்று நாம் பார்க்கிற பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 1850-க்கும் 1940-க்கும் இடையில் எழும்பியவை. தேக்கு ரங்கூனிலிருந்தும் மௌல்மீனிலிருந்தும் கப்பலேறி வந்தது.

கட்டடத்தைப் புரிந்துகொள்ள அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஆண்கள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கில் போவார்கள். ஒரு கணக்கு முடிந்து வந்து சில மாதம் இருந்துவிட்டு அடுத்த கணக்குக்குக் கிளம்புவார்கள். அதனால் வீட்டில் வருஷம் முழுக்க இருந்தவர்கள் அப்பத்தாக்களும் மருமகள்களும் குழந்தைகளும் வயதானவர்களும்தான். ஆண்கள் பெயரில் பத்திரம் இருந்தாலும் வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். முகப்பும் திண்ணையும் கணக்குப்பிள்ளை அறையும் ஆண்கள் பக்கம். வெளியாள், வரவு செலவு, காகிதம், வெற்றிலைச் சாறு எல்லாம் அந்த எல்லையோடு நின்றுவிடும். முகப்புச் சுவரில் இடுப்பளவுக்கு ஜப்பான் டைல்ஸ் பதித்திருப்பார்களே, பூவேலை போட்டது, அதை எல்லாரும் அழகுக்கு என்கிறார்கள். நான் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்து சாய்ந்தால் எண்ணெய் வைத்த தலை முட்டும் இடம் சரியாக அந்த டைல்ஸுக்குள் அடங்கும். அழகு தற்செயல் என்று சொல்லமாட்டேன். ஆனால் உயரம் தற்செயலாக வந்திருக்காது.

முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் தெரிகிற முற்றம், சுற்றிலும் தூண் வரிசை போட்ட தாழ்வாரம், அதையொட்டி வரிசையாக அறைகள். பார்க்க வருகிறவர்கள் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பார்கள். இத்தனை பெரிய வீட்டில் இவ்வளவு சின்ன, இருட்டு அறையா? என்னைக் கேட்டால் வீட்டிலேயே கெட்டிக்காரத்தனமான இடம் அதுதான்.

நகரத்தாரில் வேறு வைப்பது என்று ஒரு வழக்கம். மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலத்தில் அந்தத் தம்பதியைத் தனியாகச் சமைத்துக்கொள்ளும்படி பிரித்து வைத்துவிடுவார்கள். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே கூரைக்குக் கீழ் அவர்களுக்கென்று ஓர் அறை, ஓர் அடுப்பு, சாமான்கள். கோயிலுக்கு வரி கொடுப்பதிலும் அவர்கள் தனிப்புள்ளி. கூட்டுக்குடும்பம் என்றதும் ஒரே உலையில் நாற்பது பேருக்குச் சோறு பொங்குவதாக நாம் கற்பனை செய்கிறோம். இங்கே நடந்தது வேறு. நல்லது கெட்டதுக்கு எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். மற்ற நாளில் அவரவர் அரிசி, அவரவர் புளி, அவரவர் கணக்கு. எவள் எண்ணெயை அதிகம் ஊற்றினாள் என்ற சண்டைக்கே வழி இல்லை.

அந்தச் சின்ன அறைக்கு இந்த ஏற்பாட்டில் முக்கிய வேலை: பூட்டு. பெண்ணுக்கு வந்த சீர்ச் சாமான் என்றால் லேசுப்பட்டதல்ல. பித்தளை அண்டா முதல் மங்குச் சாமான், கண்ணாடி ஜாடி, பாய், தலையணை, மரப்பெட்டி, கூடை வரை கல்யாணத்தில் பரப்பி வைத்தால் கூடம் நிறையும். அத்தனையும் அந்த அறைக்குள் போய், பரணில் ஏறி, கதவு மூடிக்கொள்ளும். வெயில் காலத்தில் முற்றத்துத் தாழ்வாரத்தில் படுப்பார்கள், மழைக்குப் பட்டகசாலைக் கூடத்துக்கு நகர்வார்கள். அறைக்குள் பெரும்பாலும் யாரும் வாழவில்லை. அவரவர் குப்பையும் ரகசியமும்தான் அறைக்குள் வாழ்ந்தன. கூடங்கள் அத்தனை விசாலமாக, எப்போதும் துடைத்து வைத்ததுபோல் கிடந்ததற்குக் காரணம் அந்த வீட்டார் நம்மைவிடச் சுத்தக்காரர்கள் என்பதில்லை. ஒழுங்கில்லாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கதவு இருந்தது.

இன்றைய பிளானில் முதலில் வெட்டுவது அந்தச் சாமான் அறையைத்தான். ஹால் பெரிதாக வேண்டும் என்பார்கள். குடிவந்த ஆறாம் மாதம் ஹாலில் ஒரு சைக்கிள், பழைய நோட்டுப் புத்தக மூட்டை, கழற்றிப்போட்ட மின்விசிறி எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும்.

இனி என் சொந்தப் பிடிப்புக்கு வருகிறேன், பூச்சு. கைடுகள் வெளியூர்க்காரர்களிடம் சுவர் முழுக்க முட்டை வெள்ளைக்கரு என்று அடித்துவிடுகிறார்கள். முட்டை கடைசிப் பூச்சில்தான், அதுவும் கொஞ்சம். அடியில் இருப்பது சின்னச் செங்கல்லான சித்துக்கல் கட்டு, அதன்மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து. நீற்றிய சுண்ணாம்பை ஊறப் போட்டு, மாடு கட்டிய செக்கில் அரைப்பார்கள். கடுக்காயைத் தட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, கருப்பட்டியோடு சேர்த்து அந்தத் தண்ணீரை விட்டுச் சாந்து குழைப்பார்கள். கெட்டுப்போன பழரசம்போல் ஒரு நெடி அடிக்கும், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள், இன்றைக்கும் வருகிறார்கள். ஒரு கை காய்ந்து அடுத்த கை என்று பல கை ஏறும். மேலே போகப் போகச் சாந்து மெலிந்து மெலிந்து, கடைசியாக அம்மியில் வெண்ணெய்யாக அரைத்த வெள்ளைச் சுண்ணாம்பு. அது முழுக்கக் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். தேய்க்கிறவனுக்கு அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் கிடையாது. இடையில் கை எடுத்தால் அந்த இடம் காட்டிக் கொடுத்துவிடும்.

அதன் பிறகு சுவர் வியர்க்கும். நிஜமாகவே முத்து முத்தாக நீர் பூக்கும். சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், சில நாளைக்கு. காற்றிலிருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. வருஷம் ஆக ஆக இறுகும். அந்தக் காலத்துச் சென்னையில் வெள்ளைக்காரர்கள் பங்களாத் தூண்களைப் பார்த்துப் பளிங்கு போலிருக்கிறது என்று வியந்ததும் இதே குடும்பத்துப் பூச்சைப் பார்த்துத்தான். அங்கே கிளிஞ்சல் சுண்ணாம்பு.

பளபளப்பு அந்த வேலையின் பாதிப் பலன்தான். கானாடுகாத்தான் பக்கம் ஒரு கிராமத்தில் கூரை ஒழுகலைப் பார்க்கப் போனபோது, அந்த வீட்டு ஆச்சி வளவுச் சுவரைக் காட்டிச் சொன்னார்கள்: "தம்பி, எங்க வீட்டுப் பயலுக அடுப்புக்கரியை எடுத்து இந்தச் சுவத்துல கப்பல் வரைவானுக. ஈரத்துணியால ஒரு இழுப்பு. அவ்வளவுதான். பேரன் வீட்டுல, சென்னையில, கலர் பென்சில்ல கோடு போட்டான்னு பிள்ளையைப் போட்டு அடிக்கிறா மருமக." அந்தச் சுவருக்கு எனக்குத் தெரிந்து யாரும் பெயின்ட் அடித்ததில்லை. அடிக்கவும் கூடாது. கல்லாக இறுகினாலும் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். மேலே பிளாஸ்டிக் பெயின்டைப் பூசி மூடினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும்.

எல்லா இடத்திலும் இந்த விலையுயர்ந்த பூச்சைப் போடவில்லை என்பதில்தான் கட்டியவர்களின் விவேகம் தெரிகிறது. வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டில், அடுப்படியில், விறகுப் புகை ஏறும் இடத்தில் வெறும் வெள்ளையடிப்பு. புகைக்கு எந்தப் பளபளப்பும் நிற்காது என்று தெரியும். பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பைக் கரைத்து, தென்னை மட்டை நாரால் ஒரு அடி. கரியும் போச்சு, பூச்சியும் போச்சு, செலவும் சொற்பம். முன்கட்டில் துடைத்தால் போகிற சுவர், பின்கட்டில் வருஷா வருஷம் புதுசாகிற சுவர். நம் காலத்துச் சமையலறையில் புகைப்போக்கி மோட்டாருக்கு எண்பது வகை மாடல் இருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை தைரியமாக அடித்துக் கழுவக்கூடிய சுவர் மட்டும் இல்லை.

முற்றத்தைப் பற்றிக் கவித்துவமாக எழுதியவர்கள் ஏராளம், நான் வடிகாலைப் பற்றிச் சொல்கிறேன். முற்றத்தின் தளமும் விளிம்பும் கருங்கல் பலகை. கூரையில் அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டோட்டில் விழுகிற மழை அங்கே வந்து கொட்டும். கொட்டுகிற இடத்தில் அண்டாவை வைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் மூலையிலுள்ள மடை வழியாக வெளியே போய், பல ஊர்களில் ஊருணிக்குச் சேரும். பாத்திரம் கழுவுவது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, வடகம் காய்வது, மிளகாய் காய்வது, கல்யாணத்துக்கு மலைமலையாகக் காய்கறி நறுக்குவது எல்லாம் அங்கே. முடிந்ததும் நாலு வாளித் தண்ணீர். காக்கையும் குரங்கும் இறங்காமல் மேலே இரும்புக் கம்பி போட்டவர்கள் உண்டு. ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் கொல்லை வாசல். இடையில் கதவெல்லாம் ஒரே கோட்டில். காற்று நேராகப் போகும், கழுவின தரை அரைமணியில் காயும்.

தரைக்கு வந்தால் ஆத்தங்குடிக் கல்லைச் சொல்லாமல் நகர முடியாது. இதை ஆதிகாலத்துச் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். சிமென்ட் இல்லாமல் இந்தக் கல் இல்லை. இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் ஆரம்ப முயற்சி ஒன்று சென்னையில் 1904-ல் நடந்து நிலைக்காமல் போனது, 1914-ல் போர்பந்தரில்தான் கால் ஊன்றியது. அதற்கு முன் பெரும்பாலும் கப்பலில் வந்த சிமென்ட்தான். சிமென்டில் பூப்போட்ட தரைக்கல் செய்வது ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளம்பிய தொழில். அதை எடுத்து, நம்மூர் ஓடை மணலில் போட்டு, ஐரோப்பாவில் இருந்த இரும்பு அழுத்துப்பொறியைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டார்கள் ஆத்தங்குடிக்காரர்கள்.

பட்டறையில் நின்று பார்த்தால் நம்ப முடியாத எளிமை. தரையில் கண்ணாடி. அதன்மேல் சதுர இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் கோலம்போல் வளைத்த தகட்டு அச்சு. சிமென்டில் கலர் ஆக்சைடு கரைத்த குழம்பைச் சின்னக் கரண்டியால் மொண்டு இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, வெளிக்கு மஞ்சள் என்று அந்தந்தக் கட்டத்தில் ஊற்றுவார்கள். அச்சை நேராக மேலே தூக்குகிற அந்த நொடியில் நிறங்கள் ஒன்றையொன்று தொடும், ஆனால் கலக்காது. தூக்குகிற கை லேசாகச் சாய்ந்தால் கல் வீண். மேலே உலர்ந்த கலவையைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, சாந்தைப் போட்டு அமுக்கி, வழித்து, அப்படியே வைத்துவிடுவார்கள். மறுநாள் தொட்டித் தண்ணீர். ஊறி, வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளும். அதன் பளபளப்பு கல்லின் முகத்தில் இருக்கும். சூளை இல்லை, நெருப்பு இல்லை.

குடும்பஸ்தருக்கு இதில் முக்கியம், நிறம் மேலே பூசின தோல் மாதிரி மெல்லியதாக இல்லாமல் ஒரு கனத்துக்கு இருப்பது. தேய்ந்தால் கீழேயும் அதே பூ. போட்டவுடன் அத்தனை மினுங்காது. நடமாட நடமாட, துடைக்கத் துடைக்க, அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க மினுக்கம் ஏறும். கால் படுகிற இடம் பளபளக்கும், கட்டிலுக்கு அடியில் மங்கிக் கிடக்கும். எலுமிச்சைச் சாறும் கழிவறை அமிலமும் ஆகாது, உடனே வெளுத்துப்போகும். அதைச் சொல்லாமல் விற்கிறவர்கள் பாவம் செய்கிறார்கள். மற்றபடி குழம்பு கொட்டினால் துடைத்தால் போதும், அந்தப் பூவேலையில் மிச்சம் மீதி கண்ணுக்குத் தெரியாது. வசதி குறைந்த வீடுகளில் இதே வேலையை ரெட் ஆக்சைடு தரை செய்தது. ஒரே மூச்சில் இழுத்து, கரண்டியால் அமுக்கித் தேய்த்து முடித்த சிவப்புத் தரை. எண்ணெய்க் காலும் ஈரக் காலும் பட்டு முதிர்ந்ததும் மத்தியானத் தூக்கத்துக்குப் பாய்கூட வேண்டாம்.

இதையெல்லாம் புகழ்ந்துகொண்டே போனால் எங்கள் பாட்டிக்குத் துரோகம் செய்ததாகும். அவர் அந்த வேலைகளில் சித்தாள். சுண்ணாம்புச் சாந்து சுமந்து விரல் இடுக்கெல்லாம் வெந்து, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். எங்கள் வீடு மண் சுவர், பனையோலைக் கூரை, வெள்ளிக்கிழமைதோறும் சாணம் மெழுகும் தரை. பெரிய வீட்டுத் தரையைக் கழுவிவிட்ட ஆட்கள் கொல்லை வாசல் வழியாக வந்து கொல்லை வாசல் வழியாகப் போனவர்கள். வீட்டுக்கு விலக்கான பெண்களுக்கும் இடம் பின்கட்டுதான். சுலபமாகக் கழுவலாம் என்று நான் எழுதுகிற இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் கிணற்றில் தண்ணீர் இறைத்தார் என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். தலைவாசல் நிலையில் இழைத்து இழைத்துச் செதுக்கியிருக்கிறார்களே, அந்த யாளிக்கும் கிளிக்கும் நடுவில் படிகிற தூசியைப் பல் குத்தும் குச்சியால் எடுக்க வேண்டும். முகப்புக்காரர்கள் அதைச் செய்யவில்லை.

சாணம் மெழுகிய தரையையும் நான் தாழ்த்திப் பேசமாட்டேன். பள்ளம் விழுந்தால் ஒரு பிடி மண், ஒரு மெழுகு. வாரம் ஒருமுறை புதுத் தரை. பெரிய வீட்டு அடுப்படிச் சுவருக்கு இருந்த அதே யோசனைதான், எங்கள் வீட்டில் தரைக்கு.

அந்தக் காலத்து வீடு நீடித்து நின்றதற்குத் தேக்கும் கருங்கல்லும் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். பழுது பார்க்கிறவனாக எனக்குப் படுவது வேறு. அந்த வீட்டில் எதுவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கவில்லை. ஓடு உடைந்தால் அந்த ஓட்டை மட்டும் மாற்றலாம். மழைக்கு முன்னால் ஆள் ஏறி, பூனையும் குரங்கும் நகர்த்திய ஓட்டையெல்லாம் சரி செய்து இறங்குவான். ஒரு தரைக்கல் போனால் பெயர்த்து இன்னொன்று. தூணின் அடி செல்லரித்தால் முட்டுக் கொடுத்து அடியை மட்டும் மாற்றலாம். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கி மெட்ராஸ் டெரஸ் போட்ட மச்சிலேயே ஒரு கட்டை போனால் அதை மட்டும் உருவி வேறு செருகிய கொத்தனார்கள் இருந்தார்கள். இன்று நாங்கள் போடுகிற கான்கிரீட்டில் குழாயும் ஒயரும் உள்ளேயே புதைந்து கிடக்கின்றன. ஒரு கசிவைப் பிடிக்க ஒரு குளியலறையையே உடைக்கிறோம்.

வருஷாவருஷம் ஆள் ஏற வேண்டுமானால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். 1930-ல் உலக மந்தம் வந்து அரிசி விலை விழுந்ததும், பர்மிய விவசாயி பணத்துக்குப் பதில் நிலத்தைக் கொடுத்தான். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938-க்குள் 25 பங்கு ஆகிவிட்டது. காகிதத்தில் பெரும் சொத்து, ஊருக்குக் கொண்டுவர முடியாத சொத்து. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. அதோடு புது வளவு எழும்புவது நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும், பிறகு சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். வீடு பங்காளிகள் எல்லாருக்கும் சொந்தம், அதாவது யார் பொறுப்பிலும் இல்லை. ஒரு ஓடு மாற்ற இருபது கையெழுத்து என்றால் ஓடு மாறாது. ஒழுகல் உத்தரத்துக்கு வரும், உத்தரம் சுவருக்குக் கொடுக்கும். பல வீடுகளைப் பிரித்து விற்றுவிட்டார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தூணும் கதவும் மங்குத் தட்டும் தனித்தனி விலைக்குக் கிடைத்தன, கிடைக்கின்றன. 2014-ல் செட்டிநாட்டு ஊர்த்தொகுப்பு யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. சில வீடுகள் ஓட்டலாகிப் பிழைத்துக்கொண்டன. மற்றவை கல்யாணத்துக்கும் சாமி கும்பிடவும் மட்டும் பூட்டுத் திறக்கின்றன. நாற்பது பேர் போட்டு மிதித்த காலத்தில் நின்ற தரை, யாரும் மிதிக்காத பதினைந்து வருஷத்தில் மங்கி உப்புப் பூத்துக் கிடப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பழுது பார்க்க வருகிறவர்கள் செய்கிற அட்டூழியம் தனி. போன வருஷம் ஒரு வீட்டில், எனக்கு முன்னால் வேலை எடுத்த ஒருவர், உதிர்ந்த இடத்தையெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார். சிமென்ட் நின்றுவிட்டது. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பழைய பூச்சு முழுக்க விட்டுப்போயிருந்தது. சிமென்ட் ஈரத்தை மறித்ததால் அது பக்கத்துச் சுண்ணாம்பு வழியாக வெளியேறி, உப்பைக் கொண்டுவந்து கொட்டிவிட்டது. நான் அதைக் கொத்தி எடுத்துத் திரும்பக் கடுக்காய் ஊறப்போட்டேன். கல் தேய்க்கத் தெரிந்த கொத்தனார்கள் இப்போது சிலர்தான், கூலியும் அதற்கேற்ப. தருகிறவர்கள் தருகிறார்கள்.

இப்போது கையில் இருக்கும் புது வேலை ஐந்து பேர் வசிக்கும் சாதாரண வீடு, காரைக்குடிக்கு வெளியே. ஆத்தங்குடிக் கல் ஹாலுக்கும் படுக்கையறைக்கும், அடுப்படிக்கு மட்டும் கருங்கல், ஏனென்றால் அந்த வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் போடுகிறார்கள். சுவரின் கீழ்ப்பாதி சுண்ணாம்பு, மேல்பாதி சாதாரணப் பூச்சு. முழுச் சுவருக்கும் சுண்ணாம்பு என்றால் அவர்கள் பட்ஜெட் தாங்காது, பென்சில் பிடித்த கையும் அவ்வளவு உயரம் எட்டாது. தலைவாசலுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஆறடிக்கு ஒரு நடை வைத்திருக்கிறேன். செருப்பு, ஹெல்மெட், புத்தகப் பை, நாயின் சங்கிலி எல்லாம் அங்கேயே தங்கிக்கொள்ள, கழுவிவிட ஒரு மடையோடு. அந்த ஆறடியை எடுத்து ஹாலோடு சேர்த்துவிட்டால் என்ன என்று வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை போன் செய்கிறார். அவர் மனைவிக்கு அது வேண்டும். மாமியாருக்கும் வேண்டும், அவர் வெற்றிலைப் பெட்டியை வைக்க அங்கே ஒரு மாடமும் கேட்டிருக்கிறார். மாடம் கட்டியாயிற்று.